விடியும்வரை ஓட வேண்டும், இரையக் கூடாது: ஏற்காட்டில் நான் சோதித்த ரெக்கார்டர்கள்

சேலம் அம்மாப்பேட்டையில் மைக் செட் வைத்திருக்கிறேன். அப்பா காலத்துப் பலகையில் ‘ரேடியோ செட்’ என்றுதான் இருக்கும். அவரிடம் கூம்பு ஸ்பீக்கர் நாலு, ஆம்ப்ளிஃபையர் ஒன்று, டிரங்குப் பெட்டி நிறைய இசைத்தட்டு. என் காலத்தில் லைன் அரே வரைக்கும் வந்தாயிற்று. சத்தத்தைப் பெரிதாக்குவது எப்படி என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். அதனால்தான் ஆந்தை கூப்பிடுவதைப் பதிவு செய்யும் ஆசை வந்தபோது, நமக்குத் தெரியாத மைக்கா என்று வீறாப்பாக இறங்கினேன். இரண்டு மார்கழி, நாலைந்து கருவி, ஒரு பவர் பேங்க், ஒரு போலி மெமரி கார்டு என்று செலவழித்த பிறகு இதை எழுதுகிறேன். யாரும் எதையும் இலவசமாகக் கொடுக்கவில்லை. எல்லாம் கல்யாண ஆர்டர் காசு.

இடம், ஏற்காட்டில் நாகலூர் போகும் வழியில் இருக்கும் ஒரு காபித் தோட்டம். தோட்டக்காரர் தன் மகள் கல்யாணத்துக்கு செட் போட்டபோது பழக்கமானவர். சில்வர் ஓக் மர நிழல், மரத்தில் ஏறிய மிளகுக்கொடி, கீழே காபிச் செடி, ஓரத்தில் பலா, அதைத் தாண்டி ஒரு ஓடை. ராத்திரி காவலுக்கு ஒரு பெரியவர் இருக்கிறார், அந்த மலையிலேயே பிறந்து வளர்ந்தவர். அவர்தான் ஆரம்பித்து வைத்தார். “ரெண்டு மணிக்கு மேல வேலியோரம் ஒண்ணு கூப்புடுதுங்க. கூவுக், கூவுக்னு. சின்ன வயசுலருந்து கேக்கறேன், ஒருநாளும் கண்ணால பாத்ததில்லீங்க.” வீட்டுக்கு வந்து மகளிடம் சொன்னேன். அவள் விலங்கியல் படிக்கிறாள். “ரெக்கார்ட் பண்ணிட்டு வாங்கப்பா, என்ன ஆந்தைன்னு கண்டுபிடிச்சிடலாம்” என்றாள். அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட்டாள்.

முதல் ராத்திரி எடுத்துப் போனது மேடை மைக். ஷூர் எஸ்எம்58. 1966-ல் வந்த மாடல். கச்சேரி, கட்சிக் கூட்டம், கும்மிப்பாட்டு என்று எல்லாவற்றுக்கும் இன்றைக்கும் அதைத்தான் நம்புகிறோம். கீழே போட்டால்கூட உடையாது. அதை வேலிக் கம்பத்தில் கட்டி, இருபது மீட்டர் கேபிள் இழுத்து, மிக்சரில் கெயினை (உள்ளே வரும் சிக்னலைப் பெரிதாக்கும் அளவு) முழுக்கத் திருகி வைத்தேன். காலையில் கேட்டால் ஏழு மணி நேரத்துக்கு ‘இஸ்ஸ்ஸ்ஸ்’. நடுவில் எங்கேயோ கிணற்றுக்குள் விழுந்த மாதிரி ஒரு சில்வண்டு.

மைக்கின் மேல் குற்றமில்லை. வாயருகே வைத்துப் பேசுவதற்குச் செய்த மைக் அது. கணக்கைப் பார்த்தால் புரியும். ஒரே அளவு சத்தத்துக்கு எஸ்எம்58 கொடுக்கும் மின்னழுத்தம் 1.85 மில்லிவோல்ட். பிறகு நான் வாங்கிய ப்ரிமோ இஎம்272 என்ற பட்டன் அளவு மைக் அதே சத்தத்துக்கு 40 மில்லிவோல்ட் தருகிறது. இருபது மடங்குக்கும் மேல். வரும் சிக்னல் இத்தனை மெலிதாக இருந்தால் அதைத் தூக்கிவிட ஆம்ப்ளிஃபையர் படும் பாட்டின் இரைச்சல்தான் காதில் விழும். மேடையில் முப்பது வருஷம் இந்த இரைச்சலை நான் கவனித்ததே கிடையாது. அங்கே பாடகரின் குரல் அதை மூடிவிடும். தோட்டத்தில் நடுராத்திரி அதை மூட என்ன இருக்கிறது?

அடுத்து போன். பலரும் இதைத்தான் முதலில் செய்வார்கள், செய்தும் பார்க்கலாம், செலவில்லை. பகலில் பக்கத்து மரத்தில் கத்தும் குண்டுக்கரிச்சானுக்குப் போன் தாராளமாகப் போதும். ராத்திரிக்கு ஆகாது. பெரும்பாலான போன்களில் சத்தத்தைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடு உண்டு. அமைதியாக இருந்தால் ‘சத்தம் போதவில்லை’ என்று நினைத்து அது கெயினை ஏற்றும், இரைச்சல் பொங்கும். பக்கி (ராத்திரியில் கத்தும் பறவை) ஒரு தடவை கத்தியதும் சட்டென்று இறக்கும். திரும்ப மெல்ல ஏற்றும். கேட்கும்போது காடே ஆஸ்துமாக்காரர் போல மூச்சு வாங்கும். அதற்கு மேல், மனிதப் பேச்சு அல்லாத எதையும் குப்பை என்று வடிகட்டும் மென்பொருளும் பல போன்களில் இருக்கிறது. நமக்கு வேண்டியதே அந்தக் குப்பைதான்.

மூன்றாவது, சட்டைப் பையில் அடங்கும் ரெக்கார்டர் ஒன்று. கம்பெனி பெயர் வேண்டாம், ஏனென்றால் நடந்ததில் பாதி என் தப்பு. உள்ளே இருக்கும் இரண்டு பேட்டரி ராத்திரி முழுக்கத் தாங்காது என்று பவர் பேங்க் இணைத்தேன். பத்து மணிக்கு வைத்த பதிவு பத்து நாற்பதுக்கே பவர் பேங்கைக் கைவிட்டு உள் பேட்டரிக்குப் போயிருந்தது, மூன்று மணிக்கு அதுவும் தீர்ந்துவிட்டது. காரணம் பிறகு புரிந்தது. பல பவர் பேங்குகள், இழுக்கப்படும் மின்சாரம் மிகக் குறைவாக இருந்தால் ‘போன் சார்ஜ் ஆகிவிட்டது’ என்று நினைத்துத் தானே அணைந்துவிடும். ரெக்கார்டர் குடிக்கும் மின்சாரம் ஒரு போனுக்கு முன்னால் ஒன்றுமே இல்லை. வாங்குவதற்கு முன் குறைந்த மின்சாரத்திலும் அணையாத வகையா என்று கேட்டு வாங்குங்கள். கடைக்காரருக்குத் தெரியாவிட்டால் வீட்டில் ஒரு ராத்திரி ஓட்டிப் பாருங்கள், மலையில் பார்க்காதீர்கள்.

அதே வாரம் கார்டும் கழுத்தறுத்தது. மலிவாகக் கிடைத்தது என்று வாங்கிய 128 ஜிபி கார்டில் உண்மையில் இருந்தது அதில் பாதிகூட இல்லை. அந்த எல்லை தாண்டியதும் எழுதியதெல்லாம் குப்பை. கார்டு முழுவதையும் எழுதிப் படித்துச் சோதிக்கும் இலவச மென்பொருள் இருக்கிறது. புதுக் கார்டை அதில் போட்டுப் பார்க்காமல் இப்போது நான் மலையேறுவதில்லை.

சரி, இடம் எவ்வளவு பிடிக்கும் என்று தெரிந்துகொள்ள வேண்டும் அல்லவா. வினாடிக்கு 48,000 சாம்பிள் (48 கிலோஹெர்ட்ஸ்), 24 பிட், ஸ்டீரியோ என்று வைத்தால் மணிக்கு ஒரு ஜிபியைக் கொஞ்சம் தாண்டும், மாலை ஆறு முதல் காலை ஆறு வரை பன்னிரண்டரை ஜிபி. அதையே மோனோ, 16 பிட் என்று வைத்தால் பன்னிரண்டு மணி நேரத்துக்கு நாலு ஜிபி சொச்சம். எம்பி3 பக்கம் போகவே வேண்டாம். காதுக்குக் கேட்காது என்று அது வெட்டி எறிவதில்தான் தூரத்துப் பறவை இருக்கும்.

இந்தக் கட்டத்தில்தான் மைக்கின் சுய இரைச்சல் என்ற ஒன்றைப் பற்றிப் படித்தேன். நம் தொழிலில் யாரும் இதைக் கேட்டு மைக் வாங்குவதில்லை. சத்தமே இல்லாத அறையில் வைத்தாலும் மைக் தானாக எழுப்பும் இரைச்சல் அது, டெசிபலில் சொல்வார்கள். எண் குறையக் குறைய நல்லது. குழாயடியில் தண்ணீர் பிடிக்கும்போது பக்கத்து வீட்டு ரகசியம் கேட்க முடியுமா? குழாயைப் பாதி மூடினால்தான் கேட்கும். காற்றில்லாத ராத்திரியில், பூச்சி ஓய்ந்த நேரத்தில், தோட்டத்தின் மொத்தச் சத்தமே இருபது முப்பது டெசிபலுக்குள் இறங்கிவிடும். மைக்கின் இரைச்சலும் முப்பதுக்குக் கிட்டே இருந்தால் காடு எது, மைக் எது என்று பிரிக்கவே முடியாது. இஎம்272-க்கு இது 14 டெசிபல். பெட்டியில் மெகாஹெர்ட்ஸ், கிலோஹெர்ட்ஸ் என்று ஆயிரம் எண் போட்டிருப்பார்கள், இந்த ஒரு எண்ணைத் தேடுங்கள். போடவே இல்லையென்றால் அதுவும் ஒரு பதில்தான்.

அடுத்தது ஆடியோமாத், மரத்தில் கட்டிவிட்டு வந்தால் சொன்ன நேரத்தில் தானே பதிவு செய்யும் கருவி. இங்கிலாந்தின் சௌதாம்ப்டன், ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் உருவாக்கியது. மாத் என்றால் அந்துப்பூச்சி. பெயருக்கேற்ற உருவம்தான், 58 மில்லிமீட்டர் நீளம், 48 அகலம், மூன்று டபுள் ஏ பேட்டரி சேர்ந்தும் தீப்பெட்டி இரண்டை அடுக்கிய அளவு. திரை கிடையாது, பட்டன் கிடையாது, ஹெட்ஃபோன் துளை கிடையாது. ஒரு சின்ன சுவிட்ச், ஒரு சிவப்பு விளக்கு, ஒரு பச்சை விளக்கு. கப்பல் கூலி, சுங்கம் எல்லாம் சேர்ந்து எனக்குப் பத்தாயிரத்தைத் தாண்டியது. பெட்டியைத் திறந்ததும் மனைவி கேட்டாள், “இதுக்கா பத்தாயிரம்?” எனக்கும் அந்தக் கேள்வி இருந்தது.

கணினியில் இணைத்து, எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எத்தனை நிமிஷம் பதிவு, எத்தனை நிமிஷம் தூக்கம் என்று சொல்லிவிட்டால் போதும். ஒரு நாளைக்கு எத்தனை எம்பி ஆகும், பேட்டரி எவ்வளவு குடிக்கும் என்று அந்த மென்பொருளே கணக்குப் போட்டுக் காட்டுகிறது. கல்யாண வீட்டில் ஜெனரேட்டர் டீசலுக்குக் கணக்குப் போட்டே பழகியவனுக்கு இது பிடித்துப் போயிற்று. 48 கிலோஹெர்ட்ஸில் ராத்திரி பன்னிரண்டு மணி நேரமும் விடாமல் ஓட விட்டேன். 64 ஜிபி கார்டு பதினைந்து ராத்திரிக்குக் காணும். பேட்டரியும் இரண்டு வாரத்துக்குக் கிட்டத் தாங்கியது. வைத்துவிட்டு வீட்டுக்கு வந்து தூங்கலாம். மற்ற எந்தக் கருவியும் எனக்கு அந்தத் தூக்கத்தைத் தரவில்லை.

ஆனால் முதல் வாரம் நான் செய்த கூத்தைச் சொல்ல வேண்டும். மாலை ஆறு முதல் காலை ஆறு என்று போட்டுவிட்டு வந்தேன். கார்டை எடுத்துக் கேட்டால் எல்லா நாளும் காபி பறிக்கும் பெண்கள் பேசுகிறார்கள், யாரோ ஒரு அம்மா மருமகளைத் திட்டுகிறார், டிராக்டர் போகிறது, பத்தரை மணி டீ வருகிறது. அந்தக் கருவி உலகப் பொது நேரத்தில் ஓடுகிறது, நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி நேரம் முன்னால். ஆக அது பதிவு செய்தது ராத்திரி பதினொன்றரை முதல் மறுநாள் பகல் பதினொன்றரை வரை. உள்ளூர் நேரத்துக்கு மாற்றும் வசதி மென்பொருளில் இருக்கிறது, நான்தான் பார்க்கவில்லை. கோப்பின் பெயரிலும் பொது நேரமே இருந்தது. 183000 என்று இருந்தால் நமக்கு நள்ளிரவு பன்னிரண்டு. இந்தக் கூத்தால் அந்தி நேரம் முழுக்கப் போயிற்று. பனிக்காலத்தில் வடக்கேயிருந்து வரும் ஆறுமணிக்குருவி, பெயருக்கேற்ப அந்த நேரத்தில்தான் கூப்பிடும். ஒரு வாரத்து மாலை ஆறு மணியைத் தொலைத்தேன். (அந்த அம்மாவின் பேச்சை அழித்துவிட்டேன். காட்டில் வைக்கும் கருவி மனிதர் பேச்சையும் பிடிக்கும். தோட்டத்தில் வேலை செய்பவர்களிடம் முன்கூட்டிச் சொல்லிவிட்டு வைப்பதுதான் முறை. இப்போது சொல்லிவிடுகிறேன். சிலர் அதன் கீழே வந்து நின்று வணக்கம் சொல்லிவிட்டுப் போகிறார்கள்.)

பேட்டரியைக் கழற்றினால் நேரம் மறந்துவிடும். அதற்காக மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு மலையேற வேண்டாம். போனில் ஒரு செயலி இருக்கிறது, அது எழுப்பும் சின்ன ராகத்தைக் காதால் கேட்டு ஆடியோமாத் தன் கடிகாரத்தைச் சரிசெய்துகொள்கிறது. மைக் செட்காரனுக்கு இதைவிட மரியாதை வேறு என்ன வேண்டும்.

குறைகளும் உண்டு. உள்ளே இருப்பது போன்களில் வரும் மிகச்சிறிய சில்லு மைக் வகை, சுய இரைச்சல் கூடுதல். மோனோ மட்டும். ஆந்தை எந்த நேரம் கூப்பிட்டது, எத்தனை தடவை என்று அறிய இது போதும். கண்ணை மூடிக் கேட்டுத் தோட்டத்தில் நிற்பதாக நினைத்துக்கொள்ள இது உதவாது. 384 கிலோஹெர்ட்ஸ் வரை ஏற்றி வௌவாலின் கேளா ஒலியையும் பிடிக்கலாம். மகளுக்காக ஒருநாள் செய்தேன், கார்டு மணிக்கு இரண்டே முக்கால் ஜிபி விழுங்கியது. நீர் புகாத உறை தனியாக விற்கிறார்கள், அதையும் சேர்த்தே வாங்கிவிடுங்கள். நான் முதலில் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக் கட்டினேன். காற்றடிக்கும்போதெல்லாம் யாரோ முறுக்குப் பொட்டலம் பிரிக்கும் சத்தம். விளக்கு மினுக்குவதை மென்பொருளிலேயே அணைத்துவிடலாம், பூச்சியும் வராது, கள்ளக் கண்ணும் படாது. எறும்புக்கு மட்டும் கட்டும் கயிற்றில் கிரீஸ் தடவ வேண்டியிருந்தது.

மூன்று வாரத்தில் ஆடியோமாத் சொல்லிவிட்டது. பெரியவரின் ஆந்தை இரண்டு மணிக்கு அல்ல, ஒன்றே முக்காலிலிருந்து இரண்டரைக்குள், அதுவும் ஓடைப் பக்கத்துப் பலாவில். இரண்டு இரண்டாக, விட்டு விட்டு ஒரே சுருதியில். வேட்டைக்கார ஆந்தை என்று மகள் சொன்னாள். அதை நன்றாகக் கேட்க வேண்டும் என்ற பேராசை அதற்குப் பிறகுதான் வந்தது.

அதற்கு வாங்கியது இஎம்272 மைக் ஒரு ஜோடி, ஜூம் எஃப்3 ரெக்கார்டர் ஒன்று. மைக்கை உதிரியாக வாங்கி நானே சால்டர் பிடித்தேன். பத்து மில்லிமீட்டர் விட்டம், சட்டை பட்டன் மாதிரி. சால்டரிங் ஐயன் முனையை அரை வினாடிக்கு மேல் வைத்தால் கருகிவிடும், ஒன்று கருகவும் செய்தது. கை பழகாதவர்கள் கேபிளோடு தயாராக வருவதை வாங்குவது உத்தமம். இந்த மைக்குக்குச் சில வோல்ட் போதும். எஃப்3 கொடுப்பதோ 24 அல்லது 48 வோல்ட். நடுவில் அதைக் குறைத்துத் தரும் சின்ன அடாப்டர் வேண்டும். அதையும் நானே செய்கிறேன் என்று கேபிளின் ஷீல்டை (கம்பியைச் சுற்றிய வெளிவலை) ஒழுங்காகச் சேர்க்காமல் ஒரு ராத்திரி முழுக்க ‘ஹம்’ என்ற மின்சார ரீங்காரத்தைப் பதிவு செய்தேன். எந்தப் பந்தலிலும் பத்து நிமிஷத்தில் எர்த்தைக் கண்டுபிடித்து ஹம்மை நிறுத்துபவன் நான். வெட்கத்தில் தயார் அடாப்டரே வாங்கிவிட்டேன்.

எஃப்3 2022-ல் வந்தது. அதில் கெயின் திருகி கிடையாது. 32 பிட் ஃப்ளோட் என்ற முறையில் பதிவு செய்வதால் மெல்லிய சத்தமும் இடியும் ஒரே கோப்பில் கெடாமல் உட்கார்ந்துகொள்ளும், வீட்டுக்கு வந்து வேண்டிய அளவு ஏற்றி இறக்கிக்கொள்ளலாம். முதல் நாள் கை பரபரத்தது, திருக ஒன்றுமில்லையே என்று. நாலாவது ராத்திரி காட்டெருமை ஒன்று மைக்குக்கு மூன்றடியில் வந்து ‘புஃப்’ என்று மூச்சு விட்டது. அதற்கு இரண்டு நிமிஷம் முன்னால் தூரத்தில் பக்கி கத்திக்கொண்டிருந்தது. இரண்டுமே சுத்தமாக இருக்கின்றன. வேறு ரெக்கார்டரில் பக்கிக்கு ஏற்றி வைத்திருந்தால் எருமை உடைந்திருக்கும். ஆனால் விளம்பரத்தைப் பார்த்து ஏமாற வேண்டாம். 32 பிட் என்பது மைக்கின் இரைச்சலைக் குறைக்காது. இரைகிற மைக்கை இதில் சொருகினால் இரைச்சல் மிகத் துல்லியமாகப் பதிவாகும், அவ்வளவுதான்.

விலை முப்பதாயிரத்தைத் தாண்டியது. இரண்டு டபுள் ஏ பேட்டரி மைக்குக்கும் மின்சாரம் கொடுத்துக்கொண்டு விடியும்வரை தாங்காது, பவர் பேங்க் அவசியம். இது கொஞ்சம் நன்றாகவே மின்சாரம் குடிப்பதால் என் பவர் பேங்க் நடுவில் அணையவில்லை. 20,000 எம்ஏஎச் பேங்கில் காலையில் நாலு விளக்கில் மூன்று மிச்சமிருந்தது. பன்னிரண்டு மணி நேரத்துக்குப் பதினாறரை ஜிபி.

மைக் இரண்டையும் ஸ்டாண்டில் வைப்பதில்லை. தலை அகலத்துக்கு இருக்கும் ஒரு சில்வர் ஓக் அடிமரத்தின் இடமும் வலமும், காது இருக்கும் இடத்தில் கட்டுகிறேன். மரம்தான் தலை. ஹெட்ஃபோனில் கேட்டால் ஓடை இடப்பக்கம் ஓடுகிறது, ஆந்தை வலப்பக்கப் பலாவில் இருக்கிறது, வௌவால் ஒன்று தலைக்குப் பின்னால் சிறகடித்துப் போகிறது. இதற்குக் கூடுதல் செலவு இரண்டு ரப்பர் பட்டை. காற்றுக்குப் ‘பூனை ரோமம்’ போட வேண்டும். கடையில் வாங்கினால் கொள்ளை விலை. சின்னக்கடை வீதியில் பொம்மை செய்யும் ரோமத் துணி அரை மீட்டர் வாங்கி, மனைவி தையல் மெஷினில் குல்லா மாதிரி இரண்டு தைத்துக் கொடுத்தாள். கூலியாக ஒரு தட்டுவடை செட். ரோமம் நீளமாகவும், அடித்துணி காற்றை விடுவதாகவும் இருக்க வேண்டும். வாயால் ஊதிப் பார்த்தால் மறுபக்கம் லேசாகத் தெரிய வேண்டும்.

பனிதான் எதிரி. டிசம்பர், ஜனவரியில் விடியற்காலை மூடுபனி இறங்கும்போது மைக்குக்குள் ஈரம் கோத்துச் சோளப்பொரி பொரிவது போலச் சத்தம் வரும். எனக்கு நாலரை மணிக்கு மேல் இரண்டு தடவை அப்படி ஆயிற்று. இதற்கு ராஜவைத்தியம் சென்ஹைசர் எம்கேஎச் வரிசை மைக்குகள். அவை ரேடியோ அலைவரிசை முறையில் இயங்குவதால் ஈரத்துக்கு அவ்வளவு அசைவதில்லை, எம்கேஎச் 8020-க்குச் சுய இரைச்சலும் 10 டெசிபல்தான். விலையைக் கேட்டேன். ஒரு ஜோடி வாங்கும் காசுக்கு இரண்டு புது ஆம்ப்ளிஃபையர் போடலாம். நான் செய்வது ஏழை வைத்தியம். மைக்கின் வாய் கீழே பார்க்கிற மாதிரி கட்டுகிறேன், மேலே பாக்கு மட்டைத் தட்டு ஒன்றைக் குடையாக வைக்கிறேன். மழைத்துளி விழுந்தாலும் பிளாஸ்டிக் மாதிரி டமாரம் அடிக்காது. காலையில் எடுத்ததும் ஜீப்பின் சூட்டில் திறந்து போடக்கூடாது. சிலிக்கா ஜெல் போட்ட டப்பாவில் மூடியபடியே அடிவாரம் வரை வர வேண்டும், இல்லாவிட்டால் குளிர்ந்த கருவியின் மேல் சூடான காற்று வியர்த்துவிடும்.

எந்தக் கருவி வாங்கினாலும் இடம் சரியில்லை என்றால் வீண். சேலத்திலிருந்து ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவு. சனி, ஞாயிறு பதினொரு மணி வரைக்கும் ஒவ்வொரு வளைவிலும் பைக் கியர் மாற்றுவது கேட்கும். ராத்திரியில் தரையருகே குளிர்ந்த காற்றும் மேலே சூடான காற்றும் இருப்பதால் ஒலி மேலே போய்விடாமல் கீழே வளைந்து வெகுதூரம் வரும். ஆந்தைக்கு அது நல்லது. கெடுதல் என்னவென்றால், மார்கழி விடியற்காலை நாலே முக்காலுக்கு எங்கோ ஒரு கோயிலின் கூம்பு ஸ்பீக்கரும் அதே காற்றில் வந்து சேரும். சட்டப்படி ராத்திரி பத்து முதல் காலை ஆறு வரை ஒலிபெருக்கி கூடாது, 2000-ஆம் ஆண்டு விதி. கட்டணம் கட்டுபவரிடம் அதைச் சொல்லி ஆர்டரை இழந்த அனுபவம் எனக்கும் உண்டு, சொல்லாமல் போட்ட அனுபவமும் உண்டு. அந்தப் பதிவைக் கேட்டபோது டயஃப்ரம் கிழிந்த யூனிட் என்று கண்டுபிடித்தேன். சீகாரப் பூங்குருவி விசிலடிக்கத் தொடங்கிய நேரம் பார்த்து அந்தக் கிழிசல் ஒரு மணி நேரம் பாடியது. அந்த ஒரு மணி நேரம் நானும் மற்றவர் வீட்டுக் காதில் என்னவாக இருந்திருப்பேன் என்று யோசித்துக்கொண்டிருந்தேன்.

ஓடைக்குப் பக்கத்தில் வைத்தால் தண்ணீர் இரைச்சலில் எல்லாம் மூழ்கும். ஐம்பது அறுபது மீட்டர் தள்ளி, மேட்டின் மறுசரிவில் வைத்தால் தண்ணீர் அடங்கும், ஆந்தை அடங்காது. ரிசர்வ் காட்டுக்குள் வனத்துறை அனுமதியில்லாமல் வைக்க முடியாது. காட்டெருமை நடமாட்டம் இருக்கும் பக்கம் அனுமதி இருந்தாலும் ராத்திரியில் தனியாகப் போய்ப் பார்க்க வேண்டாம். குரங்கு கேபிளை இழுக்கும், பகலில் எதையும் வெளியே விடாதீர்கள்.

பன்னிரண்டு மணி நேரத்தை உட்கார்ந்து யார் கேட்பது? கேட்க வேண்டாம், பார்க்கலாம். ஆடாசிட்டி இலவச மென்பொருள். அதில் ஸ்பெக்ட்ரோகிராம் காட்சிக்கு மாற்றினால் ஒலி படமாக விரியும். சில்வண்டும் பூச்சியும் மேலே சேலைக் கரை மாதிரி இடைவிடாத பட்டை. ஆந்தை அடியில் சின்னச் சின்னக் கோடு. காட்டுப் பக்கி ஆணி அடித்த மாதிரி வரிசை. ஒரு மணி நேரத்தை மூன்று நிமிஷத்தில் தள்ளிப் பார்த்துவிடுகிறேன். பேர்ட்நெட் என்ற மென்பொருளிடம் கொடுத்தால் பெயரே சொல்லும், அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகமும் ஜெர்மனியின் கெம்னிட்ஸ் பல்கலைக்கழகமும் சேர்ந்து செய்தது. பகல் பறவைகளுக்கு நன்றாகவே சொல்கிறது. ராத்திரிக்கு அதைக் கண்ணை மூடி நம்ப வேண்டாம். எங்கள் தோட்டத்துக் கேட் கீச்சிட்டதற்கு அது ஒரு பறவைப் பெயர் சொன்னது, மகள் சிரித்த சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

இடையில் ஒரு தகவல் படித்தேன். 1889-ல் ஜெர்மனியில் லுட்விக் கோக் என்ற எட்டு வயதுப் பையன் மெழுகு உருளையில் பதிவு செய்ததுதான் நமக்குத் தெரிந்த முதல் பறவைப் பாட்டு. கூண்டில் வளர்த்த ஷாமா அது. நம் நாட்டுக் காடுகளில் பாடும் பறவை, தமிழில் சோலைபாடி என்பார்கள். மெழுகில் பதிந்த குரலும் இரைச்சலோடுதான் இருந்திருக்கும், அந்தப் பையன் பொருட்படுத்தியிருக்க மாட்டான்.

என் பரிந்துரை கேட்டால், எந்தப் பறவை எப்போது வருகிறது என்று அறிய நினைப்பவர், தோட்டக்காரர், கல்லூரி மாணவர் ஆடியோமாத் ஒன்றும் உறையும் வாங்கட்டும், வேறொன்றும் வேண்டாம். கேட்டு ரசிக்க வேண்டும் என்பவர் காசை முதலில் மைக்கில் போடட்டும், ரெக்கார்டரில் அல்ல. பிளக்-இன் பவர் (மைக் துளை வழியாகவே சில வோல்ட்) தரும் சாதாரண ரெக்கார்டரிலேயே இஎம்272 ஜோடி நேராக வேலை செய்யும், ஆறு மாதம் கழித்தும் ஆசை தீராவிட்டால் எஃப்3 பக்கம் போகலாம். இரண்டும் ஒரே நாளில் வாங்க வேண்டாம், என்னைப் போல எது இரைகிறது என்று தெரியாமல் முழிப்பீர்கள். மேடை மைக்கை மேடையிலேயே விடுங்கள்.

பெரியவருக்கு ஹெட்ஃபோன் மாட்டி ஆந்தையைக் கேட்க வைத்தேன். கொஞ்ச நேரம் கேட்டார். “இது நம்ம பலா மரத்துலதானுங்க. ஆனா இதுக்குப் பின்னால இன்னொண்ணு பதில் சொல்லுது பாருங்க, மேட்டுப் பக்கம்.” நான் கவனிக்கவே இல்லை. வீட்டுக்கு வந்து சத்தத்தைக் கூட்டிப் பார்த்தால், இரைச்சலுக்கு ஒரு மயிரிழை மேலே, உண்மையிலேயே இன்னொன்று இருந்தது. வரும் சனிக்கிழமை ஒரு ரிசப்ஷன் இருக்கிறது. அது முடிந்து ஞாயிற்றுக்கிழமை ஆடியோமாத்தை மேட்டுப் பக்கம் மாற்றிக் கட்ட வேண்டும்.